சொல் போன பிறகு: லோர்னா ஷோரின் புதிய தொகுப்பும் பாட்டியின் ஒப்பாரியும்

இந்தப் பாட்டை முதல்முறை போட்டபோது காரில் மாமாவும் இருந்தார். பகாவிலிருந்து ரொம்பின் போகும் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. மாமா அரை நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "என்னடா இது, பன்னி அறுக்கிற மாதிரி கத்துறான்?" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "பின்னால வயலின்லாம் வருது. சாமி பாட்டா?" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் லோர்னா ஷோர் குழுவைப் பற்றி எழுத உட்காரும் யாரும் கேட்டாக வேண்டிய இரண்டு கேள்விகளும் அதில் இருக்கின்றன. அந்தத் தொண்டை ஏன் அப்படி? அந்த வயலின்கள் எதற்கு?

லோர்னா ஷோர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த குழு. 2009-இல் தொடங்கியது. பாடகர்கள் மாறி மாறி வந்து போனார்கள். 2021-இல் வில் ராமோஸின் குரலில் 'டு தி ஹெல்ஃபையர்' என்ற பாடல் வெளிவந்தது. அதன் இறுதியில் அவர் எழுப்பும் ஒலிகளைக் கேட்டு வாய் பிளப்பதைப் படம்பிடித்துப் போடுவதே இணையத்தில் தனி விளையாட்டாகிப் போனது. 2022 அக்டோபரில் 'பெய்ன் ரிமெய்ன்ஸ்' வந்தது. இழப்பைப் பற்றிய மூன்று தொடர் பாடல்களோடு முடியும் அந்தத் தொகுப்பு, இவர்களை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேரை ரசிகர்களாக்கியது. நானும் அப்படி மாட்டியவன்தான். இப்போது, 2025 செப்டம்பர் 12 அன்று, 'ஐ ஃபீல் தி எவர்பிளாக் ஃபெஸ்டரிங் விதின் மீ' வந்திருக்கிறது. பத்துப் பாடல்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல். தலைப்பைத் தமிழில் சொல்வதென்றால், என்னுள்ளே ஒரு தீராக் கறுப்பு புரையோடுவதை உணர்கிறேன்.

இதைக் கேட்டுப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெத் மெட்டல் 1980-களில் உருவானது. கீழ்ச்சுருதிக்கு இறக்கிய கிட்டார், உறுமல் குரல், மரணம் பற்றிய வரிகள். ஹார்ட்கோர், பங்க் இசையிலிருந்து பிரிந்த இன்னொரு கிளை. அதன் முக்கியமான சொத்து 'பிரேக்டவுன்': வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று கால் தரையில் பதிவதுபோல் மெதுவாகி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும் இடம். 2000-களின் தொடக்கத்தில் இரண்டும் கலந்ததற்கு டெத்கோர் என்று பேர் வைத்தார்கள். அதன்மேல் வயலின் கூட்டத்தையும் தேவாலயக் கூட்டுப்பாடலையும் ஏற்றினால் சிம்பொனிக் டெத்கோர். நார்வேயின் டிம்மு போர்கிர் போன்ற பிளாக் மெட்டல் குழுக்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெரிய வாத்தியக் குழுக்களோடு ஒலிப்பதிவு செய்தவை. லோர்னா ஷோர் அந்த வழியில் வருகிறது.

இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு இது முதலில் சொல் பற்றிய பிரச்சினை. சொல் கேட்காத பாட்டை நாம் எப்படி வாசிப்பது?

*

தொகுப்பின் முதல் பாடல் 'பிரிசன் ஆஃப் ஃபிளெஷ்'. சதையாலான சிறை. அன்றைக்கு காரில் ஓடியது அதுதான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரியவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ராமோஸின் குரல் மேலே கீச்சென்று போகிறது, அப்படியே வழுக்கிக் கீழே விழுகிறது, தரையில் ஊர்கிறது, மூச்சை உள்ளே இழுக்கும்போதுகூடச் சத்தம் வருகிறது. ஒரே ஆள் நாலைந்து உயிரினமாக மாறி மாறிப் பேசுவதுபோல் இருந்தது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து பாடல் எதைப் பற்றியது என்று தேடினேன். மறதிநோய். டிமென்ஷியா. தன் குடும்பத்தில் அந்த நோய் உண்டு, தனக்கும் அது வந்துவிடுமோ என்ற பயத்திலிருந்துதான் இந்தப் பாடல் பிறந்தது என்று ராமோஸ் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு விளக்கை அணைத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து மறுபடியும் கேட்டேன்.

என் பாட்டி கடைசி மூன்று வருடங்கள் அந்த நோயில் இருந்தார்.

பாட்டி நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே பால் வெட்டினார், அங்கேயே கல்யாணம், அங்கேயே ஏழு பிள்ளைகள். அந்தத் தோட்டம் பிறகு செம்பனையானது. பிறகு லயங்களை உடைத்தார்கள். குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தது. சிரம்பானுக்கும் நீலாய்க்கும் நடுவே இன்று வரிசை வரிசையாக நிற்கும் தாமான்களில் எத்தனையோ ஒரு காலத்தில் தோட்டங்கள். அதனால் இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை, நம்மில் நிறைய பேருக்கு இதே கதைதான்.

பாட்டிக்குத் தோட்டத்தில் ஒரு தனி மரியாதை இருந்தது. ஒப்பாரி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். பாட்டி போய் உட்கார்ந்து குரலெடுத்த பிறகுதான் அது சாவு வீடாகும் என்பார்கள். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மா. அந்த அம்மா பாடியது சயாமுக்குப் போன கணவனுக்காக. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆண்களை மரண ரயில்பாதை போட லாரியில் ஏற்றினார்கள். பாட்டியின் அப்பா திரும்பவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. உடல் இல்லாத சாவுக்கு எந்த நாளில் அழுவது? அந்த அம்மா எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் அங்கே தன் புருஷனுக்கும் சேர்த்து அழுதிருக்கிறார். ஒப்பாரியின் வழக்கமே அதுதான். அடுத்தவர் சாவில் நம்முடைய சாவையும் பாடிக்கொள்ளலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நோய் வந்தபோது பாட்டிக்கு முதலில் நாள் மறந்தது. பிறகு சமைத்ததா இல்லையா என்பது. பிறகு எங்கள் பெயர்கள். ஒருநாள் நான் உள்ளே போனதும், "அப்பா, எப்ப வந்தீங்க?" என்றார். பேரனை அப்பா என்று கூப்பிடுவது நம் வீடுகளில் சாதாரணம். ஆனால் 'வந்தீங்க' என்று கேட்க மாட்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குக் கொஞ்சம் தாமதமாக உறைத்தது. சயாமிலிருந்து யாரோ திரும்பி வந்துவிட்டார்கள்.

கடைசியில் சொற்களே போய்விட்டன. பசி, தண்ணி, வலி எதற்கும் சொல் இல்லை. ஆனால் சில சாயங்காலங்களில் பாட்டி ஒப்பாரி பாடுவார். சொல்லே இல்லாமல். ராகம் மட்டும், இழுவை மட்டும், வரி முடியும் இடத்தில் வரும் அந்த விம்மல் மட்டும் அப்படியே இருந்தது. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டுமோ அந்த இடத்தில் மூச்சு வாங்கினார். வரி மட்டும் இல்லை.

'பிரிசன் ஆஃப் ஃபிளெஷ்' பாடலை இரண்டாவது தடவை கேட்டபோது இதுதான் எனக்குப் புரிந்தது. சொற்களை இழப்பதைப் பற்றிய ஒரு பாட்டை, சொற்களைக் கேட்க முடியாத ஒரு குரலில் பாடியிருக்கிறார்கள். வரிகளை அச்சில் படித்தால் சாதாரணமாகத்தான் இருக்கும், மெட்டல் வரிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் அந்த வரி தொண்டைக்குள் போய் அரைபட்டு வெளியே வரும்போது, ஒரு மனிதன் ஏதோ சொல்ல முயல்கிறான் என்பது மட்டும் மிஞ்சுகிறது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். இந்தப் பாடலைத் தெளிவான குரலில், ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி யாராவது பாடியிருந்தால் அது மறதிநோய் பற்றிய பாட்டாக மட்டும் இருந்திருக்கும்.

*

அந்தக் குரலைக் 'கத்தல்' என்று தள்ளிவிடுவது எளிது. அது ஒரு தொழில்நுட்பம். 2022-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ராமோஸின் தொண்டைக்குள் சிறு கேமராவை இறக்கி, அவர் பாடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். நாம் பேசவும் பாடவும் பயன்படுத்தும் குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு. அவற்றையும் அதற்கு மேலுள்ள பகுதிகளையும் அதிரவைத்துத்தான் அந்த உறுமலை அவர் எடுக்கிறார். பேசும்போது நமக்குத் தேவையே படாத சதை அது.

இந்த இடத்தில் எனக்கு உருமி நினைவுக்கு வராமல் இருக்காது. உருமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது தோல் முனகும். நம் ஊர்த் திருவிழாவில் முனியாண்டிக்கோ மதுரைவீரனுக்கோ ஆள் ஆடும்போது அந்த முனகல்தான் முதலில் வயிற்றில் இறங்கும். தாளம் பிறகுதான். தோட்டத்துக் காதுக்குத் தேய்ப்பொலி ஒன்றும் அந்நியம் இல்லை. பதினைந்து வயதில் யாரோ கைப்பேசியில் புளூடூத்தில் அனுப்பிய மெட்டல் பாட்டைக் கேட்டு எனக்குப் பயம் வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பயம் வந்தது அம்மாவுக்கு. 2001-இல் இந்த நாட்டுப் பத்திரிகைகளை நிறைத்த 'பிளாக் மெட்டல்' பீதி அவருக்கு ஞாபகம் இருந்தது. என் கறுப்புச் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பார். அதே அம்மாதான் உருமி அடிக்கப் போன என் கூட்டாளியையும் ரவுடிக் கூட்டம் என்பார். இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்த்தார்.

ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. 'எல்லாம் நம்மகிட்ட ஏற்கனவே இருந்துச்சு' என்று நெஞ்சு நிமிர்த்தும் கட்டுரைகளை நிறையப் படித்தாயிற்று. உருமிக்காரர் சாமியை அழைக்கிறார். ராமோஸ் நுழைவுச்சீட்டு வாங்கிய கூட்டத்துக்கு முன் பாடுகிறார். பாட்டி சாவு வீட்டுக்கு அழுதார். பயன் வேறு, சூழல் வேறு. நான் சொல்வது சின்ன விஷயம்தான். சொல்லுக்கு முந்திய ஒலிக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை நம் காது அறியும். நம் விமர்சனம்தான் இன்னும் அறியவில்லை.

*

இப்போது மாமாவின் இரண்டாவது கேள்வி. அந்த வயலின்கள் எதற்கு?

தொகுப்பை முழுதாக ஏழெட்டு தடவை கேட்டுவிட்டேன். என் சிக்கல் இங்கேதான். கிட்டார் வாசிக்கும் ஆடம் டி மிக்கோவும் டிரம்ஸ் வாசிக்கும் ஆஸ்டின் ஆர்ச்சியும் அசாத்தியமான கலைஞர்கள். ஆர்ச்சியின் கால்கள் சில இடங்களில் தனித்தனி அடியாகக் கேட்காமல் ஒரே நீண்ட அதிர்வாகிவிடுகின்றன. ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட ஜோஷ் ஷ்ரோடர் இவ்வளவையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உடையாமல் நிறுத்தியிருக்கிறார். ஆனால் அடுக்கியதில் இடைவெளி இல்லை. வயலின்களும் கூட்டுக்குரல்களும் பெரும்பாலான நேரம் பின்னால் பொங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு உச்சம் முடிவதற்குள் அடுத்த உச்சம் வருகிறது. நாலாவது பாட்டுக்கு வரும்போது உச்சமே சமவெளியாகிவிடுகிறது.

'அன்பிரேக்கபிள்' இதற்கு நல்ல உதாரணம். பெரிய அரங்கில் கைகளை உயர்த்திப் பாட வேண்டிய வெற்றிப் பாட்டு. அரங்கில் அது வேலை செய்யும், சந்தேகமில்லை. வீட்டில் தனியாகக் கேட்டால், நான் என்ன உணரவேண்டும் என்பதை வயலின்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது தெரிகிறது. 'லயன்ஹார்ட்' பாடலிலும் அதே குறை. பாடல் கேட்கிறவனை நம்பவில்லை.

'கிளென்வுட்' வேறு மாதிரி. ராமோஸ் தன் அப்பாவோடு இருந்த நீண்ட விலகலையும், மறுபடி அவரைப் போய்ப் பார்த்ததையும் பற்றியது. இங்கே பாடல் அவசரப்படவில்லை. கிட்டார் மெதுவாகத் தொடங்கி, எதையோ சொல்லத் தயங்குவதுபோல் ஒரே இடத்தைச் சுற்றுகிறது. பிறகு குரல் வருகிறது. அதுவும் மற்றப் பாடல்களில் வருவதுபோல் வித்தை காட்டும் குரல் இல்லை. அப்பாவோடு பேச்சில்லாமல் இருந்தவர்களுக்குத் தெரியும், முதல் வார்த்தைக்கு முன்னால் இருக்கும் அந்த நேரம்தான் கடினம். பாடல் அந்த நேரத்தைக் கொடுக்கிறது. தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடைசிப் பாடலான 'ஃபாரெவர்மோர்' கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஓடுகிறது. இறந்தவருக்கு விடைகொடுக்கும் பாட்டு. இதில் மட்டும் அந்த வயலின்களையும் கூட்டுக்குரல்களையும் நான் முழுமையாக ஏற்கிறேன். சடங்குக்கு ஆடம்பரம் பொருந்தும். பாடை கட்டும்போது பூ அதிகமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஒவ்வொரு பாட்டுக்கும் பூ கொட்டிவிட்டு, கடைசியில் உண்மையான பாடை வரும்போது அதே பூவைத்தானே மறுபடியும் கொட்டவேண்டியிருக்கிறது?

மாமா 'சாமி பாட்டா' என்று கேட்டதன் அர்த்தம் எனக்கு இப்போது புரிகிறது. வயலின் கேட்டதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. அந்த வயலின்கள் ஒரு சான்றிதழ். 'இது வெறும் கூச்சல் இல்லை, இது பெரிய விஷயம்' என்று அந்தத் தொண்டைக்குச் சிபாரிசு செய்கின்றன. அந்தத் தொண்டைக்கு எந்தச் சிபாரிசும் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

*

தமிழர்கள் இந்த இசைக்குள் வந்த கதையிலும் இதே சான்றிதழ் பிரச்சினை உண்டு. நம் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், ருத்ரா என்ற குழு 1992-இல் தொடங்கியது. பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் கதிரசன்தான் அதன் மையம். தென்கிழக்கு ஆசியாவின் டெத் மெட்டலில் அவர்களைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1998-இல் முதல் தொகுப்பு. பிறகு 2003-இல் 'குருக்ஷேத்ரா', 2005, 2009, 2011 என்று மூன்று பாகங்களாக 'பிரம்மவித்யா', 2022-இல் 'எய்ட் மஹாவித்யாஸ்'. தங்கள் இசைக்கு வேதிக் மெட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் 2009-இல் இவர்களையும் தென்னிந்தியச் சமூக அடையாளத்தையும் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

டெத்கோர் இல்லை, சிம்பொனியும் இல்லை. ஆனால் எனக்கு அவர்கள் முக்கியம். நம் மாதிரி முகம் கொண்ட ஆட்கள், நம் மாதிரிப் பெயர் கொண்ட ஆட்கள் இந்த இசையை வாசிக்கிறார்கள் என்பதைப் பதினேழு வயதில் கண்டபோது இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். கதிரசன் வேதாந்தத்தை உண்மையாகவே பயின்றவர். உபநிடதச் சிந்தனையை டெத் மெட்டலின் உறுமலோடு இணைத்தது ஒட்டுப்போட்ட வேலை இல்லை. அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அகங்காரம் அழிவதைப் பாட அதைவிடப் பொருத்தமான குரல் எது?

ஆனால் அவர்கள் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும். அது அவர்கள் தேர்வு, குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. கேட்கிறவனாக என் ஏக்கத்தைச் சொல்லலாம். அந்தக் குரல் மேலே பார்த்தது, மந்திரத்தை எடுத்தது. காலடியில் முனியாண்டி சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. லோர்னா ஷோரில் வயலின் செய்யும் வேலையை ருத்ராவில் சமஸ்கிருதம் செய்கிறதோ என்று சில இரவுகளில் தோன்றும். அதுவும் ஒரு சிபாரிசுக் கடிதமோ?

இதை எழுதும்போதே இந்தக் கேள்வி என் பக்கமும் திரும்புகிறது. நாம் எழுதும் தோட்டக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு வரும் சிறுகதைகளில் எத்தனை பால்வெட்டுத் தொழிலாளிகள் சாகும் தறுவாயில் சுத்தமான தமிழில் நீளமாகப் பேசுகிறார்கள்! எத்தனை கதைகளில் லயம் உடைபடும்போது மழை சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறது! அந்த மழை நம்முடைய வயலின். தோட்டத்துத் துயரத்துக்கு மரியாதை தேடித்தருவதாக நினைத்து அதைச் செய்கிறோம். அந்த மழைச் சத்தத்தில் பாட்டியின் மூச்சு வாங்கும் சத்தம் கேட்காமல் போகிறது. நானும் அப்படி இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் மழை உண்டு.

ஒப்பாரி எப்படி இதைச் சமாளித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பெண்கள் வட்டமாக, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வரி எடுப்பார். வரியின் கடைசியில் வரும் இழுவையை மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் மூக்கைச் சிந்துவார்கள், யாரோ காப்பி கேட்பார்கள், வாசலில் புதிதாக ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வட்டத்துக்குள் நுழைந்து தன் உறவுமுறையைச் சொல்லித் தன் வரியைத் தொடங்குவாள். இடைவெளி இருந்ததால்தான் அவளால் உள்ளே வர முடிந்தது. ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை அடைத்துவிட்ட லோர்னா ஷோரின் தொகுப்பில் இல்லாதது அதுதான். மிகப்பெரிய துயரத்தைக் கட்டியிருக்கிறார்கள். வாசல் சின்னது.

*

அப்படியானால் கேட்கலாமா வேண்டாமா என்றால், கட்டாயம் கேளுங்கள். ஆனால் ஒரே மூச்சில் பத்தையும் கேட்காதீர்கள். முதலில் 'கிளென்வுட்'. அடுத்த நாள் 'பிரிசன் ஆஃப் ஃபிளெஷ்'. அதை முதல் தடவை வரிகளைப் படிக்காமல் கேளுங்கள், இரண்டாவது தடவை படித்துக்கொண்டே கேளுங்கள், மூன்றாவது தடவை மறுபடியும் படிக்காமல். மூன்றாவது தடவையில் ஏதாவது நடக்கலாம். நடக்காவிட்டால் இது உங்களுக்கான இசை இல்லை, அதிலும் தப்பில்லை. 'ஃபாரெவர்மோர்' பாடலைத் தனியாக ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் மாமாவோடு அதே சாலையில் போகவேண்டி வந்தது. இந்தத் தடவை நானே பாட்டைப் போடவில்லை. அது மறதிநோய் பற்றிய பாட்டு என்று மட்டும் சொன்னேன். மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தன் கைப்பேசியை எடுத்துத் துழாவினார். பாட்டி இருந்தபோது அவர் பதிவு செய்த ஒன்றை எடுத்தார். நாற்பது விநாடிகூட இருக்காது. இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

பாட்டியின் குரல். சொல் இல்லை. இழுவை, விம்மல், மூச்சு. பின்னால் தொலைக்காட்சியில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடுகிறது. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகிறார்கள். அவ்வளவுதான்.

முடிந்ததும் மாமா மறுபடி போட்டார். "சத்தத்தக் கொஞ்சம் கூட்டுடா" என்றார். கைப்பேசியைக் காரோடு இணைத்துக் கொடுத்தேன். ரொம்பின் வரும்வரை அதுதான் ஓடியது.